கையால் கட்டிய டாக்: வன்னிக் கரண்டில் சில வருட அனுபவம்

பிசிஎம்5102ஏ சிப் உள்ள ஊதா நிறப் போர்டு ஒன்றை வைத்து நானே கட்டிய டாக் (DAC) ஒன்றில்தான் சில வருடங்களாகப் பாட்டுக் கேட்கிறேன். வீடு கிளிநொச்சிப் பக்கம், ஏ9 வீதியிலிருந்து உள்ளே போக வேண்டும். "எந்த சிப் அண்ணை நல்லது?" என்று கேட்டு வருகிற தம்பிமாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். என் பதிலைக் கேட்டால் அவர்களுக்குச் சப்பென்று போய்விடும். சிப்பைப் பிறகு பார்க்கலாம், முதலில் வீட்டுக் கரண்டையும் ஏர்த்தையும் கவனியுங்கள் என்றுதான் சொல்வேன்.

டாக்கில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. கோப்பில் எண்களாக இருக்கும் பாட்டை அம்பிளிஃபயருக்குப் போகக்கூடிய அலையாக மாற்றுகிற பெட்டி, அவ்வளவுதான். உங்கள் போனுக்குள்ளும் ஒன்று இருக்கிறது. தனியாகக் கட்டினால் அதற்கென்று சுத்தமான மின்சாரம் கொடுக்கலாம்.

நான் எடுத்தது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸின் மலிவான சிப். ஆனால் சத்தத்துக்கும் இரைச்சலுக்கும் இடையில் 112 டெசிபெல் இடைவெளி தருகிறது. 16 பிட் சிடியின் கணக்கு ஏறக்குறைய 98 தான். வெளியே 2.1 வோல்ட் நேராக வருவதால் பின்னால் சத்தத்தைத் தூக்கிவிட ஆப்-ஆம்ப் சிப் தேவையில்லை, நடுவில் டிசியைத் தடுக்கும் கப்லிங் கப்பாசிற்றரும் தேவையில்லை. பாட்டை ஓட்டுகிற ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியின் 12, 35, 40 ஆம் பின்களிலிருந்து மூன்று வயர், கூடவே ஒரு கிரவுண்ட் வயர். எஸ்சிகே என்ற கடிகாரப் பின்னைக் கிரவுண்டோடு சேர்த்துவிட்டால் சிப் தன் கடிகாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். போர்டின் பின்புறம் நான்கு இணைப்புப் புள்ளிகள் உண்டு. சத்தத்தை அடைத்துத் திறக்கிற எக்ஸ்எஸ்எம்டி மட்டும் மேல் (H) பக்கம், மற்ற மூன்றும் கீழ் (L) பக்கம். எக்ஸ்எஸ்எம்டியைச் சரியாக ஈயம் வைக்காவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் சிப் வாயைத் திறக்காது. சத்தமே வரவில்லை என்று என்னிடம் வருகிற போர்டுகளில் முதலில் நான் திருப்பிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான். சாமான்கள் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும், யாராவது போகும்போது சொல்லிவிடுவேன்.

இனிக் கரண்ட். இங்கே 230 வோல்ட் என்பது காகிதத்தில் உள்ள கணக்கு. பின்னேரம் தோட்டக்காரர் எல்லோரும் தண்ணீர் மோட்டரைப் போட்டதும் என் மீற்றரில் 190 ஐயும் பார்த்திருக்கிறேன். 5 வோல்ட் வேண்டும் என்றால் 6 வோல்ட் ட்ரான்ஸ்போமர் போதும் என்று பல வரைபடங்களில் போட்டிருக்கும். கணக்குப் பாருங்கள். 230 இல் அதன் அலையின் உச்சம் டயோடுகளைத் தாண்டி 7 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும். 190 க்கு இறங்கினால் ஐந்தரைதான் மிஞ்சும். வோல்ட்டைச் சீராக்கித் தருகிற ரெகுலேற்றர் சிப் எல்எம்317 க்கு உள்ளேயும் வெளியேயும் இரண்டு வோல்ட்டாவது வித்தியாசம் வேண்டும், இல்லாவிட்டால் அது ரெகுலேற்றராக வேலை செய்வதை விட்டுவிடும், இரைச்சல் அப்படியே உள்ளே போகும். அதனால் 9 வோல்ட் ட்ரான்ஸ்போமர் போட்டேன். டாக் போர்டு இழுப்பது சொற்பக் கரண்ட், சூடாகாது. ராஸ்பெரி பைக்கு வேறு சப்ளை. எல்எம்317 இன் அட்ஜஸ்ட் காலில் 10 மைக்ரோஃபாரட் கப்பாசிற்றர் ஒன்றைக் கட்டாயம் வையுங்கள், சில ரூபாய்தான், இரைச்சலை நன்றாகக் குறைக்கும்.

யுத்தத்தால் பற்றரிக்குத் தடை இருந்த 90களில் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்ட ஊர் இது. சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைக்கும். கரண்ட் ஒரே சீராக வர வேண்டும் என்பதை எங்கள் பெரியவர்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

சப்ளை சரியான பிறகும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஒரு முனகல் இருந்தது. மாரியில் மெல்லியதாக, ஆடி ஆவணியில் தடித்ததாக. முனகலுக்கு ஒரு சோதனை உண்டு. லப்டொப்பில் பதிந்து எந்த அலைவரிசையில் சத்தம் கூட என்று பாருங்கள். 100 ஹெர்ட்ஸில் கூரான மேடு இருந்தால் டயோடும் கப்பாசிற்றரும் சந்தேகம். 50 இல் இருந்தால் ஏர்த், வயர் ஓடும் வழி, அல்லது ட்ரான்ஸ்போமர் போர்டுக்குக் கிட்ட இருப்பது. எனக்கு 50. அயலில் வயரிங் வேலை செய்து ஓய்ந்த ஐயா ஒருவர் இருக்கிறார். பெட்டியைத் திறந்துகொண்டு நின்ற என்னைப் பார்த்து, "தம்பி, அதை மூடிப்போட்டு வெளியில வாரும், ஏர்த் கம்பியைப் பார்ப்பம்" என்றார்.

மண்ணில் அடித்த ஏர்த் கம்பியின் கிளாம்ப் பச்சை பிடித்துக் கிடந்தது. மண் காய்ந்து, கம்பியைச் சுற்றி விரல் விடுகிற அளவு வெடிப்பு. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினார். உள்ளே வந்து கேட்டால் முனகல் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது! அடுத்த நாள் வெயிலில் மறுபடி ஏறியது, அது வேறு கதை. கடைசியில் கிணற்றடித் தண்ணீர் ஓடுகிற வாழையடியில் இரண்டாவது கம்பி ஒன்றை அடித்து, தடித்த செம்பு வயரால் பழைய கம்பியோடு சேர்த்தோம். இரண்டையும் சேர்க்காமல் தனித்தனியாக விடக் கூடாது, ஆபத்து. தெரிந்த ஆளை வைத்தே செய்யுங்கள், கரண்ட் கசிந்தால் வெட்டுகிற ட்ரிப் சுவிட்சையும் பார்க்கச் சொல்லுங்கள். அதோடு அம்பிளிஃபயர், ராஸ்பெரி பை, டாக் மூன்றையும் ஒரே பிளக் பலகைக்குக் கொண்டுவந்தேன். முனகல் போய்விட்டது. இந்த டாக்கில் நான் செய்த வேலைகளில் காதுக்கு மிகப் பெரிய வித்தியாசம் தந்தது பெட்டிக்கு வெளியே செய்த இந்த வேலைதான்.

2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டிய காலத்தில் வீட்டுச் சோலாரையும் இதோடு இணைத்தேன். 12 வோல்ட் பற்றரி நேராக எல்எம்317 இன் வாசலுக்கே வரும், நடுவில் ஒரு மாற்றுச் சுவிட்சும் ஃபியூசும். பற்றரி நிரம்புவதைக் கவனிக்கிற சோலார் கண்ட்ரோலரின் லோட் முனையில் எடுக்காதீர்கள். மலிவான கண்ட்ரோலர்களில் பல நெகட்டிவ் பக்கத்தில்தான் வெட்டித் தொடுக்கும், அதில் ஏர்த் சேர்ந்தால் குழப்பம். பற்றரி முனையிலேயே எடுத்தாலும் நண்பகலில், பற்றரி நிரம்பி வரும் நேரத்தில், மெல்லிய "கீங்" ஒன்று கேட்கும். கண்ட்ரோலர் பனலை விட்டுவிட்டுப் பிடிக்கிற சத்தம் அது. அந்த நேரத்தில் நான் பனல் சுவிட்சை நிறுத்திவிடுவேன். இரவில் பற்றரிக் கரண்டில் கேட்பதுதான் இருப்பதில் அமைதியானது.

மற்றவை சுருக்கமாக. எல்டி3045 ரெகுலேற்றர் வாங்கிப் போட்டேன். காகிதத்தில் 0.8 மைக்ரோவோல்ட் இரைச்சல், அருமையான சாமான். என் காதுக்கும் என் அளவீட்டுக்கும் வித்தியாசம் எட்டவில்லை. விலை கூடிய கப்பாசிற்றர்களும் அப்படியே, அதிலும் போலிகள் நிறைய ஓடுகின்றன. நண்பர் ஒருவரின் ஈஎஸ்9038கியூ2எம் என்ற வேறு டாக் சிப் உள்ள போர்டை இரவல் வாங்கி ஒப்பிட்டேன். 129 டெசிபெல் என்று விளம்பரம். முதலில் அதுதான் சிறப்பாகக் கேட்டது. 1 கிலோஹெர்ட்ஸ் சத்தத்தை ஓடவிட்டு, மீற்றரை வைத்து இரண்டின் வோல்ட்டையும் சமமாக்கிய பிறகு, கண்ணை மூடிக்கொண்டு எது எதென்று என்னால் சொல்ல முடியவில்லை. சற்றுச் சத்தமாகக் கேட்பதெல்லாம் நல்லதாகத்தான் தெரியும், அதில் கவனம்.

சரி, கேட்பதற்கு எப்படி? கோயில் திருவிழாவில் பதிந்த நாதஸ்வரமும் தவிலும் என்னிடம் நிறைய இருக்கின்றன. முன்பு தவில் ஒரு திரளாக வரும். இப்போது வலப் பக்க வலந்தலையில் விரல்கூடு படுகிற "ணங்" தனியாக, இடப் பக்கத் தொப்பியில் கழி விழுகிற அடி தனியாக, அடி முடிந்து தோல் அடங்குகிற அந்தச் சின்ன இடமும் கேட்கிறது. அந்த இடத்தில்தான் முனகல் உட்கார்ந்திருந்தது. பழைய கசட்டிலிருந்து மாற்றிய கூத்துப் பதிவுகளுக்கு இது நன்மை செய்யவில்லை, நாடாவின் இரைச்சலும் தேய்ந்த ஹெட்டும் இன்னும் பச்சையாகத் தெரிகின்றன. 128 கேபிபிஎஸ் எம்பி3 களுக்கு எந்த டாக்கும் மருந்தில்லை.

பெட்டி முதிரைப் பலகை, உள்ளே அலுமினியத் தகடு ஒட்டி ஏர்த்தோடு சேர்த்திருக்கிறேன். பெரிய எதிரி எறும்பு. ட்ரான்ஸ்போமரின் இளஞ்சூட்டுக்கு வந்து முட்டையோடு குடியிருக்கும். காற்றுத் துளைகளுக்கு நுண்ணிய வலை அடித்த பிறகு தொல்லை குறைந்தது. புழுதிக் காலம் முடிந்ததும் அம்பிளிஃபயர் வயர் செருகுகிற ஆர்சிஏ முனைகளைத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் கரகரக்கும். ஐப்பசியில் இடி தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது.

மிச்சம் ஒன்று இருக்கிறது. ராஸ்பெரி பையின் கடிகாரம் சிடியின் 44.1 கிலோஹெர்ட்ஸுக்குச் சரியாகப் பிரிவதில்லை. 22.5792, 24.576 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு படிகம் உள்ள, கடிகாரத்தைத் திருத்திக் கொடுக்கிற ரீகிளாக்கர் போர்டு போட்டால் அது தீரும். விலை என் டாக்கைவிடக் கூட. காதுக்குத் தெரியுமா என்று எனக்குச் சந்தேகம்தான், ஆனாலும் கை சும்மா இருக்காது. புறக்கோட்டைக்குப் போகிற ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.