தொழில்நுட்ப அறிக்கையை எந்த வடிவில் காப்பது? வேர்ட், டெக், பிடிஎஃப்-ஏ, டிஃப், மைக்ரோஃபிலிம்: ஓர் ஒப்பீட்டு அலசல்

1990-களின் இறுதியில் ஒரு பாலத்துக்காகத் தயாரிக்கப்பட்ட மண் பரிசோதனை அறிக்கை, அதே பாலத்தை அகலப்படுத்தும் பணிக்காக எனக்குத் தேவைப்பட்டது. அறிக்கை கிடைத்தது. ஆனால் வேர்ட் கோப்பைத் திறந்தபோது, தமிழ்ப் பகுதிகள் எல்லாம் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் தெரிந்தன. அச்சுப்படியோ நகலுக்கு எடுத்த நகல். துளைப் பதிவில் (மண்ணில் துளையிட்டுச் சோதித்ததை ஆழவாரியாக எழுதிய அட்டவணையில்) 6 மீட்டர் ஆழத்துக்கு எதிரே இருந்த எண் 18-ஆ 13-ஆ என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அடித்தளத்தின் தாங்குதிறனைக் கணக்கிடுபவருக்கு இவ்விரண்டு எண்களும் ஒன்றல்ல. ஓர் அறிக்கையை எழுதி முடிப்பதற்குச் செலவிடும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கையாவது அதை எந்த வடிவில் விட்டுச்செல்கிறோம் என்பதற்கும் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து எனக்கு உண்டு.

பாதுகாப்பதும் படியெடுப்பதும் வெவ்வேறு தேவைகள். பாதுகாப்பு என்பது, கையொப்பமிட்ட நாளில் பக்கம் எப்படி இருந்ததோ அப்படியே நிலைக்க வேண்டும் என்று கேட்கிறது. படியெடுப்பு என்பது, எழுத்தையும் எண்ணையும் படத்தையும் பிறர் தெளிவாக அச்சிடவும், தேடவும், மறுபடி கணக்கிடவும் முடிய வேண்டும் என்று கேட்கிறது. கீழே வரும் வடிவங்களை இந்த இரண்டு கேள்விகளையும் வைத்தே எடை போடுகிறேன்.

வேர்ட் கோப்பு எழுதுவதற்கு ஏற்றது, காப்பதற்கு ஏற்றதல்ல. எழுத்துரு இல்லாத கணினியில் வரிகள் இடம் மாறும். வரி மாறினால் பக்கம் மாறும். பக்கம் மாறினால் ‘பக்கம் 47-இல் உள்ள அட்டவணை’ என்ற குறிப்பு பொய்யாகும். சமன்பாடுகளின் நிலை இன்னும் மோசம். பழைய வேர்ட் கோப்புகளில் சமன்பாடு எழுதப் பயன்பட்ட ‘ஈக்வேஷன் எடிட்டர் 3.0’ என்ற கருவியை, பாதுகாப்புக் குறைபாடு காரணமாக மைக்ரோசாஃப்ட் 2018 ஜனவரியில் நீக்கிவிட்டது. ஆகவே அந்தச் சமன்பாடுகளைப் பார்க்கலாமே தவிர அதே கருவியில் திருத்த முடியாது.

கணிதம் மிகுந்த அறிக்கைகளுக்கு, கட்டளைகளாக எழுதிப் பக்கத்தை அமைக்கும் டெக், அதன்மேல் அமைந்த லேடெக் ஆகியவற்றின் மூலக்கோப்புகள் வேர்டைவிடப் பல மடங்கு மேல். அவை வெறும் எழுத்துக் கோப்புகள். எந்தத் திருத்தியிலும் திறக்கும். டெக்கை உருவாக்கிய டொனால்ட் கனூத் 1990-ஆம் ஆண்டிலேயே டெக் நிரலில் இனிப் பிழைதிருத்தம் மட்டுமே நடக்கும் என்று அறிவித்துவிட்டார். 1991-இல் தொடங்கிய ஆர்க்கைவ் என்ற ஆய்வுக்கட்டுரைக் களஞ்சியம், ஆய்வாளர்களிடம் பிடிஎஃப்பைவிட டெக் மூலத்தையே விரும்பிக் கேட்கிறது. ஆனால் டெக் மாறாவிட்டாலும் அதைச் சுற்றியுள்ள லேடெக் தொகுப்புகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே மூலத்துடன் அதிலிருந்து உருவான பிடிஎஃப்பையும் சேர்த்தே வைக்க வேண்டும்.

எந்த பிடிஎஃப் என்பதுதான் அடுத்த கேள்வி. சாதாரண பிடிஎஃப், எழுத்துருவை உள்ளே வைக்காமல் பெயரை மட்டும் குறித்துவைக்கலாம், கடவுச்சொல்லால் பூட்டப்படலாம், வெளியே இருக்கும் கோப்பைச் சார்ந்திருக்கலாம். நீண்டகாலப் பாதுகாப்புக்காக 2005-இல் ஐஎஸ்ஓ 19005 என்ற தரமாக வந்த பிடிஎஃப்-ஏ இவை எல்லாவற்றையும் தடுக்கிறது. பயன்படுத்திய எழுத்துருக்கள் எல்லாம் உள்ளேயே இருக்க வேண்டும். நிறங்கள் எந்தக் கருவியையும் சாராமல் வரையறுக்கப்பட வேண்டும். பூட்டு, நிரல், ஒலி, காணொளி எதற்கும் இடமில்லை. 2011-இல் வந்த இரண்டாம் பகுதி, அடுக்குகளையும் ஒளிபுகு நிறங்களையும் அனுமதிப்பதால் பொறியியல் வரைபடங்களுக்கு முதல் பகுதியைவிட அதுவே பொருந்தும்.

தமிழில் அறிக்கை எழுதுவோர் இங்கே சற்று நிற்க வேண்டும். பிடிஎஃப்-ஏ தரத்தில் ‘பி’ என்ற நிலை, பக்கம் பார்வைக்குச் சரியாகத் தெரிந்தால் போதும் என்கிறது. ‘யு’ என்ற நிலை, ஒவ்வோர் எழுத்து வடிவத்துக்கும் யுனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியெண் முறை) இணை இருக்க வேண்டும் என்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. அவற்றில் அமைந்த அறிக்கை ‘பி’ நிலையில் அழகாகத் தேறிவிடும், ஆனால் ஒரு தமிழ்ச் சொல்லைக்கூட அதில் தேட முடியாது. யுனிகோடில் எழுதி ‘யு’ நிலையில் சேமித்தாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. ‘கோ’ என்ற எழுத்து பக்கத்தில் இரட்டைக்கொம்பு, ககரம், கால் என்று மூன்று வடிவங்களாக வரையப்படுகிறது. நினைவகத்தில் ககரம் முதலில் வர வேண்டும். வரைந்த வரிசையிலேயே அது படிக்கப்பட்டால் கொம்பு முன்னே வந்து நிற்கும். வெராபிடிஎஃப் போன்ற சரிபார்ப்புக் கருவி, இணை இருக்கிறதா என்று பார்க்குமே தவிர, தமிழ் வரிசை சரியா என்று பார்க்காது. ஆகவே கோப்பை ஒப்படைக்கும் முன் தேடல் பெட்டியில் ‘கோணம்’, ‘சோதனை’ போன்ற சொற்களைத் தட்டிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் கோப்பை உருவாக்கிய மென்பொருளை மாற்றிப் பார்ப்பதே வழி.

ஏற்கெனவே தாளில் மட்டும் இருக்கும் அறிக்கைகளுக்குப் போட்டி வேறு: டிஃப், ஜேபெக் என்ற பட வடிவங்கள், வருடியே (ஸ்கேனர்) நேரடியாகத் தரும் பிடிஎஃப். ஓர் ஏ4 பக்கத்தை 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) அளவில் முழு வண்ணத்தில் வருடினால், சுருக்காத டிஃப் கோப்பு சுமார் 26 மெகாபைட் வரும். 200 பக்கத்துக்கு 5 ஜிகாபைட்டைத் தாண்டும். இந்தக் கணக்கைப் பார்த்தவுடன் பலர் ஜேபெக் பக்கம் போகிறார்கள். அது ஒளிப்படங்களுக்குச் சரி; ஆனால் எழுத்தின் விளிம்புகளைச் சுற்றி அழுக்குப் படிய வைக்கும். கறுப்பு வெள்ளைப் பக்கங்களுக்கு ‘குரூப் 4’ சுருக்கம் கொண்ட டிஃப் ஒரு புள்ளியைக்கூட இழக்காமல் கோப்பை மிகச் சிறியதாக்கும்.

ஜேபிக்2 என்ற சுருக்கமுறைதான் உண்மையில் அஞ்சத்தக்கது. அதன் ஒரு வகை, ஒரே மாதிரி தோன்றும் எழுத்துகளைக் கண்டு, ஒன்றின் படத்தை மற்றதன் இடத்திலும் வைத்துவிடுகிறது. 2013-இல் ஜெர்மனியைச் சேர்ந்த கணினி அறிவியலாளர் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் வருடிகள் 6-ஐ 8-ஆக மாற்றுவதைக் கண்டறிந்தார். ஒரு கட்டட வரைபடத்தில் வெவ்வேறு அறைகளுக்கு ஒரே பரப்பளவு பதிவாகியிருந்தது. மங்கிய எண் தன்னைச் சந்தேகிக்க வைக்கும். இந்தத் தவறான எண்ணோ கூர்மையாகவும் தெளிவாகவும் நிற்கும். பிடிஎஃப்-ஏ தரம் ஜேபிக்2-ஐத் தடை செய்யவில்லை என்பதால், வருடியின் அமைப்பிலேயே அதைத் தவிர்ப்பது உங்கள் பொறுப்பு.

பக்கங்களைச் சிறிய படங்களாகப் பதிக்கும் படச்சுருளான மைக்ரோஃபிலிமைப் பழங்கதை என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பாலியெஸ்டர் அடித்தளத்தில் வெள்ளி உப்புப் படலம் கொண்ட சுருளுக்கு, முறையான சேமிப்பில் 500 ஆண்டு ஆயுள் மதிப்பிடப்படுகிறது. படிக்க ஒரு விளக்கும் லென்ஸும் போதும். 105-க்கு 148 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு மைக்ரோஃபிஷ் தகட்டில் 98 பக்கங்கள் அடங்கும். ஆனால் படிக்குப் படி கூர்மை குறையும், வழக்கமான சுருளில் வண்ணம் போய்விடும், தேடல் இல்லை. அணை, அணுஉலை போன்றவற்றின் அறிக்கைகளுக்கு இரண்டாவது காப்பாக அது தகும். அன்றாட அறிக்கைகளுக்குச் செலவு கட்டுப்படியாகாது.

எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும், படியெடுப்பைக் கெடுப்பது பெரும்பாலும் வரைபடங்களே. சிவப்பு, பச்சைக் கோடுகள் கறுப்பு வெள்ளை நகலில் ஒரே சாம்பலாகிவிடும். ஒன்றைப் புள்ளிக்கோடாகவும் மற்றதை முக்கோணக் குறிகளுடனும் வரைந்தால் எந்த நகலிலும் பிரித்தறியலாம். ஏ1 தாளை ஏ3-ஆகச் சுருக்கும்போது 2.5 மில்லிமீட்டர் எழுத்து 1.25 ஆகிவிடும். ‘அளவுகோல் 1:100’ என்ற எழுத்தும் அப்போது பொய்யாகிவிடும். வரைந்து காட்டிய அளவுக்கோடு மட்டும் தாளோடு சேர்ந்து சுருங்கி உண்மையாகவே இருக்கும். அட்டவணை எண்களைத் தனியே சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெற்று எழுத்து) கோப்பாகவும் கொடுப்பது நல்லது. அதைப் பிடிஎஃப்-ஏ மூன்றாம் பகுதியில் இணைப்பாக உள்ளேயே வைக்கலாம். ஆனால் அந்தத் தரம் எந்த வகைக் கோப்பையும் இணைக்க விடுவதால், உள்ளே வைப்பது சிஎஸ்வி போன்ற எளிய வடிவமாக மட்டும் இருக்கட்டும்.

அந்தப் பாலத்தின் அறிக்கையை 400 டிபிஐ அளவில் குரூப் 4 டிஃப்பாக வருடி, துளைப் பதிவு முழுவதையும் சிஎஸ்வியாகத் தட்டி, இரண்டையும் சேர்த்துவைத்தோம். 6 மீட்டருக்கு எதிரே உள்ள கட்டத்தை வெறுமையாக விட்டு, ‘18 அல்லது 13, நகல் தெளிவில்லை’ என்று குறிப்புக்கான நெடுவரிசையில் எழுதினோம். அந்த ஆழத்தை அறிய அருகிலேயே புதிதாக ஒரு துளை போட வேண்டியதாயிற்று.