ஆறு மாசமா ஸ்லோவா இருந்த நெட்டு, கம்ப்யூட்டர்: ரங்கூன்ல ஒரு சின்ன ரிப்பேர் கடை பத்தி

ரங்கூன்ல நம்ம ஆளுங்க யாராவது நெட்டு ஸ்லோ, கம்ப்யூட்டர் ஸ்லோன்னு புதுசு வாங்க காசு எடுத்து வச்சிருந்தீங்கன்னா கொஞ்சம் பொறுங்க, இதப் படிச்சிட்டு முடிவு பண்ணுங்க. நான் 15 லட்சம் கியாட் கொடுத்து புது கம்ப்யூட்டர் வாங்குற நிலைமைக்கு வந்துட்டேன், கடைசில எல்லாம் சேத்து 1 லட்சத்து 90 ஆயிரத்துல முடிஞ்சுது.

கடை அனவ்ரதா ரோட்டுலேந்து உள்ள திரும்புற ஒரு தெருவுல, காளியம்மன் கோயில்லேந்து நடக்குற தூரம் தான். போர்டுகூட சரியா இருக்காது. ஒரு நம்ம தமிழ்த் தம்பி, கூட ஒரு பர்மாக்காரப் பையன், ரெண்டே பேர். பேர் எழுத வேணாம்க்கா, கூட்டம் வந்தா ரெண்டு பேரால முடியாதுன்னு சொன்னதால பேர் போடல.

எங்க வீட்டு கதைய மொதல்ல சொல்லிடறேன். நான் வீட்லேந்தே நாலஞ்சு கடைக்கு கணக்கு எழுதறேன், பொண்ணு சாயந்தரம் ஆன்லைன்ல டியூஷன் படிக்கிறா, சிங்கப்பூர்ல இருக்குற தம்பி ராத்திரி வீடியோ கால்ல வந்தாதான் எங்க அத்தைக்கு தூக்கமே வரும். ஆறு மாசமா இது எதுவுமே ஒழுங்கா நடக்கல. டீச்சர் மூஞ்சி அப்படியே நின்னு போயிடும், பொண்ணு அழுவா, நான் எக்செல் பைல் ஒண்ணு திறக்க கிளிக் பண்ணிட்டு போய் சோறு வடிச்சிட்டு வந்தா அப்பதான் பாதி வந்திருக்கும். நெட்டு கம்பெனிக்கு எத்தனையோ தடவ போன் அடிச்சாச்சு, நெட்டு பொட்டிய (ரவுட்டர்) ஆப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னுதான் சொன்னாங்க, அப்புறம் பெரிய பிளானுக்கு மாறுங்கன்னாங்க, சரின்னு 20 எம்பிபிஎஸ்லேந்து 40க்கு மாறினேன், மாசா மாசம் காசு கூடுச்சே தவிர ஒண்ணும் மாறல. வேற ஒரு பெரிய கடைல கம்ப்யூட்டர தூக்கிட்டு போய் காட்டினா திறந்துகூட பாக்கல, பழசாயிடுச்சு புதுசு வாங்குங்கன்னு விலை சொல்லிட்டாங்க.

இந்த ரிப்பேர் கடைத் தம்பிகிட்ட போனதும் அவர் கேட்ட மொத கேள்வியே வேற மாதிரி இருந்துச்சு. "அக்கா, நெட்ட கழட்டி விட்டாலும் எக்செல் மெதுவாதான் திறக்குதா?" ஆமான்னேன். "அப்ப அது வேற நோவு, வீடியோ நிக்கிறது வேற நோவு, ரெண்டையும் தனித்தனியா பாக்கணும், நான் வீட்டுக்கு வர்றேன்" அப்படின்னாரு. ஆறு மாசத்துல யாரும் இந்தக் கேள்விய கேட்கல, எனக்கும் தோணல, ரெண்டும் ஒண்ணுதான்னு நெனச்சுகிட்டு இருந்தேன்.

வீட்டுக்கு வந்தாரு. டவுன்டவுன் வீடு எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும், பன்னிரண்டரை அடி அகலம் ஐம்பது அடி நீளம், ரயில் பொட்டி மாதிரி. பைபர் வயர் தெருப்பக்கம் பால்கனி வழியா வரதால நெட்டு பொட்டி முன்னாடி ஹால்ல, கம்ப்யூட்டர் பின்னாடி ரூம்ல, நடுவுல ரெண்டு செவுரு, பிரிட்ஜு, இன்வெர்ட்டர், சாமி அலமாரி. அவர் பின் ரூம்ல தன்னோட லேப்டாப்ப திறந்து வைபைல சேத்து கருப்பு ஜன்னல் ஒண்ணுல பிங் 192.168.1.1னு அடிச்சாரு. பிங்னா ஒரு சின்ன தகவல அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பாக்கறது. அந்த நம்பர் நம்ம வீட்டு பொட்டியோட விலாசமாம். ஒவ்வொரு வரியா 180, 240, 310 மில்லிசெகண்ட்னு வருது, நடுநடுவுல டைம்ட் அவுட், அதாவது பதிலே வரல. அப்புறம் அதே லேப்டாப்ப ஹாலுக்கு கொண்டு வந்து வயர் மாட்டி அதையே அடிச்சாரு. 1, 1, 1, 1. "பாருங்கக்கா, இது இன்னும் உங்க வீட்ட விட்டு வெளியவே போகல, ஹாலுக்கு போய்ட்டு வரதுக்கே மூச்சு வாங்குது, இதுக்கு கம்பெனிக்காரன் 40 கொடுத்தா என்ன 100 கொடுத்தா என்ன." எனக்கு அந்த நிமிஷம் தலைல விளக்கு எரிஞ்ச மாதிரி இருந்துச்சு.

போன்ல ஒரு ஆப் வச்சு பக்கத்து வீட்டு வைபைங்க எல்லாம் காட்டினாரு, முப்பதுக்கு மேல இருந்துச்சு, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. வைபை ஓடுற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைல ஒண்ண ஒண்ணு இடிக்காத சேனல் 1, 6, 11 இந்த மூணுதானாம், எங்க பொட்டி 3ல உக்காந்து ரெண்டு பக்கமும் இடி வாங்கிட்டு இருந்திருக்கு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமா இருக்கும், ஆனா செவுரு தாண்டினா ரொம்ப வலு கொறஞ்சிடும், ஹால்ல உக்காந்து போன் பாக்க மட்டும் அது. வைபைய தூரமா கொண்டு போற ரிப்பீட்டர் வாங்கலாமான்னு நானே கேட்டேன், வேணாம்னுட்டாரு, வெல கம்மியா வர ரிப்பீட்டர் ஒரே ரேடியோல வாங்கி அதே ரேடியோல திருப்பி அனுப்பறதால வேகம் பாதியாயிடும்னாரு. அதுக்கு பதிலா 15 மீட்டர் கேட் 6 நெட்வொர்க் வயர செவுரு ஓரமா மேல கிளிப் அடிச்சு பின் ரூம் வரைக்கும் இழுத்து விட்டாங்க. ஒரு பொருள விக்க வாய்ப்பிருந்தும் விக்கல, அத நான் பெருசா நெனைக்கிறேன்.

ஆனா இதோட முடியல. ஹால்லேந்து வயர் போட்டு வெளிய இருக்குற கூகுள் சர்வர் 8.8.8.8க்கு பிங் போட்டா 40, 50னு நல்லா போய்கிட்டே இருந்து திடீர்னு நாலஞ்சு வரி விட்டுப் போகுது, திரும்பவும் சரியாகுது. தம்பி யோசிச்சுகிட்டே இருக்காரு. அப்பதான் கீழ காய்க்காரம்மா மணி அடிச்சுது, எங்க அத்தை பால்கனிக்கு போய் கயித்துல தொங்குற பைய இழுக்க ஆரம்பிச்சாங்க, அந்தப் பர்மாக்காரப் பையன் ஸ்கிரீனையும் பாக்குறான் பால்கனியையும் பாக்குறான், ஏதோ பர்மால கத்தினான். ஓடிப் போய் பாத்தா, பை கயிறு சுத்தியிருக்குற அதே ஆணிலதான் பைபர் வயரும் மாட்டியிருக்கு! வயர் போட வந்தவங்க மாட்டிட்டுப் போனது. ஒவ்வொரு தடவ காய், முட்டை, பேப்பர்னு அஞ்சு மாடிக்கு இழுக்கறப்பவும் கயிறு வயர நெருக்கி மடிச்சிருக்கு. உள்ள இருக்குறது முடி மாதிரி கண்ணாடி, லைட்டு அதுக்குள்ள போகுது, ரொம்ப மடிச்சா லைட்டு வெளிய கசிஞ்சிடுமாம். லேப்டாப்ல நெட்டு பொட்டியோட செட்டிங் பக்கத்த திறந்து உள்ள வர லைட்டோட அளவு காட்டினாரு, மைனஸ் 28.6 டிபிஎம் (லைட்டோட பலத்த அளக்குற கணக்கு). மைனஸ் 27க்கு கீழ எறங்குனா பொட்டி தடுமாறுமாம். வயர மெதுவா எடுத்து தனி கிளிப் அடிச்சு பெரிய வளைவா விட்டதும் மைனஸ் 20.9. அத்தை ஒரு வாரம் வரைக்கும் பைய இழுக்கவே பயந்தாங்க, பாவம்.

நீங்களும் உங்க வீட்ல இத பாருங்க, தயவுசெஞ்சு பாருங்க, நம்ம தெருவுல எல்லா வீட்லயும் பால்கனில கயிறு இருக்கு.

கரண்ட் விஷயம் ஒண்ணு. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறற அந்த ஒரு நொடில நெட்டு பொட்டி செத்து எழுந்திரிக்க மூணு நாலு நிமிஷம் ஆகும், பொண்ணுக்கு அதுக்குள்ள பாடம் போயிடும். 12 வோல்ட் மினி யூபிஎஸ் (சின்ன பேட்டரி பொட்டி) ஒண்ணு வச்சாரு, அவ்வளவுதான், இப்ப கரண்ட் போறதே நெட்டுக்கு தெரியல. தெருவுல இருக்குற பைபர் பிரிக்கிற பொட்டிக்கு கரண்டே வேணாமாம், அதனால நம்ம பொட்டி உயிரோட இருந்து அந்தப் பக்கம் கம்பெனி மெஷினும் ஓடினா போதும்.

இன்னொண்ணும் சொல்லிக் கொடுத்தாரு. 40 எம்பிபிஎஸ்னா டவுன்லோட்ல செகண்டுக்கு 40 எம்பி வராது, எம்பிபிஎஸ் பிட் கணக்கு, எம்பி பைட் கணக்கு, எட்டு பிட் சேந்தா ஒரு பைட், அதனால எட்டால வகுக்கணும், 5 எம்பி. நான் இவ்வளவு நாளா ஏமாத்தறாங்கன்னு நெனச்சு கம்பெனி பொண்ணுகிட்ட கோவமா பேசியிருக்கேன், அதுக்கு வருத்தமா இருக்கு. அப்புறம் வேகம் பாக்கறப்ப உள்ளூர் சர்வர்லயும் பாக்கணும் சிங்கப்பூர் சர்வர்லயும் பாக்கணும்னாரு. உள்ளூர்ல நல்லா வந்து வெளிய மட்டும் கம்மியா வந்தா அது வெளிநாட்டு லைன் பக்கம். ங்வே சௌங் கடற்கரைல ஏறுற கடலடி கேபிள்ல பழுதுன்னா நம்ம வீட்ல என்ன மாத்தியும் பிரயோஜனம் இல்ல. விபிஎன் (நெட்ட வேற நாட்டு சர்வர் வழியா அனுப்புற சாப்ட்வேர்) ஆன்ல மறந்து விட்டிருந்தாலும் எல்லாமே வேற நாட்ட சுத்திட்டுதான் வரும், என் கம்ப்யூட்டர்ல அதுவும் தானா ஆன் ஆகுற மாதிரி இருந்துச்சு, எடுத்து விட்டாரு.

இப்ப கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர்ல என்னென்ன ஓடுதுன்னு காட்டுற டாஸ்க் மேனேஜர திறந்து டிஸ்க் 100 சதவீதம் பிஸின்னு நிக்கறத காட்டினாரு, நான் ஒண்ணுமே திறக்கல, சும்மா இருக்கறப்பவே 100. உள்ள இருந்தது பழைய 500 ஜிபி சுத்துற ஹார்ட்டிஸ்க், காதுல வச்சு கேட்டா டிக் டிக்னு ஒரு சத்தம். டிஸ்கோட உடம்பு நிலைய காட்டுற சாப்ட்வேர் போட்டு பாத்தா மஞ்சள் கலர்ல எச்சரிக்கை, கெட்டுப் போன இடங்கள மாத்தி மாத்தி எழுதிட்டு இருக்காம். ஓடிட்டு இருக்கறப்பவே அடிக்கடி கரண்ட் போனா இந்த டிஸ்க் தாங்காது, நம்ம ஊர்ல இதுதான் அதிகமா வர கேஸ்னாரு. ரெண்டு ஆன்டிவைரஸ் வேற ஒண்ண ஒண்ணு பாத்துகிட்டு ஓடிட்டு இருந்துச்சு. 256 ஜிபி எஸ்எஸ்டி (சுத்தாத, சிப்புல ஓடுற டிஸ்க்) ஒண்ணு, பழைய 4 ஜிபி ரேம் ஒண்ணு கூட சேத்து மொத்தம் 8, பேன்ல இருந்த தூசி எல்லாம் பிரஷ்ல எடுத்து சிபியூ மேல பேஸ்ட் புதுசா தடவி கொடுத்தாரு. முன்னாடி ஸ்விட்ச் போட்டா ஆறு நிமிஷம், இப்ப டெஸ்க்டாப் வர அரை நிமிஷம்கூட ஆகல.

குறைனு சொன்னா இருக்கு. ரெண்டு நாள்னு சொல்லி அஞ்சு நாள் ஆச்சு, ஏன்னா பழைய டிஸ்க்லேந்து காப்பி எடுக்கறப்ப நின்னு நின்னு போச்சு, ஆனா அவர் போன் பண்ணி சொல்லல, நான்தான் ரெண்டு தடவ நடந்தேன். பில் எழுதித் தரமாட்டாரு, வாரண்டி மூணு மாசம்னு வாய் வார்த்தைதான். கேட்டு ஒரு துண்டு பேப்பர்லயாவது எழுதி வாங்கிக்கோங்க. அப்பா போட்டோ இருந்த போல்டர்ல பதினோரு படம் வரவே இல்ல, அது அவர் தப்பு இல்லன்னு தெரியும், இருந்தாலும் மனசு கஷ்டமாதான் இருக்கு. பழைய டிஸ்க தூக்கிப் போடாம கைல கொடுத்து, இனிமே இத மாட்டாதீங்க, நல்ல வசதி இருக்குற எடம் கெடச்சா அங்க காட்டலாம்னு சொன்னாரு.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் சாதாரண சப்போர்ட்ட, அதாவது பாதுகாப்பு அப்டேட் தர்றத, 2025 அக்டோபர் 14ஓட நிறுத்திடுச்சு, என் கம்ப்யூட்டர்ல 11 ஏறாது, அதையும் மறைக்காம சொன்னாரு. லினக்ஸ் போட்டுத் தரவான்னு கேட்டாரு, என் கணக்கு சாப்ட்வேர் அதுல ஓடாதுன்னு வேணாம்னுட்டேன், பேங்க் வேலைய மட்டும் போனுக்கு மாத்திகிட்டேன்.

போறவங்க காலைல பத்து மணிக்கு மேல போங்க, ஞாயித்துக்கிழமை லீவு. கம்ப்யூட்டர் பெரிய பொட்டிய மட்டும் கொண்டு போனா போதும், மானிட்டர் அங்க இருக்கு. நெட்டு பிரச்சினைன்னா எதையும் கழட்டித் தூக்கிட்டு போகாதீங்க, வீட்டுக்கே கூப்பிடுங்க, வந்து பாக்க 15 ஆயிரம் வாங்குறாரு, வேலை கொடுத்தா அத கழிச்சுக்குறாரு. அவர் வர நேரத்துல வீட்ல எல்லாரும் எப்பவும் போல இருங்க, பிரிட்ஜு ஓடட்டும், பைய இழுக்குறவங்க இழுக்கட்டும்.