மராகேஷ் ரியாத் மொட்டைமாடிச் சாப்பாடு: படியேறி வரும் தட்டில் எது தாங்கும்?

மொராக்கோ நாட்டிலுள்ள மராகேஷின் பழைய நகரமான மதீனாவில், ரியாத் வீடுகளைப் புதுப்பித்து நடத்தும் மாடி உணவகங்களில் சமையலறை பெரும்பாலும் கீழேதான். ரியாத் என்றால் தெருவுக்கு முதுகைக் காட்டி, அறைகளெல்லாம் நடுமுற்றத்தைப் பார்த்து நிற்கும் வீடு. லிஃப்டுக்கு இடமிருக்காது. இரண்டு மூன்று மாடி, குறுகலான படிகளில் ஒருவர் கையில்தான் உங்கள் தட்டு ஏறி வரும். ஆர்டர் சொல்லும்போது இதை மறக்க வேண்டாம்.

இந்தப் பயணத்தைத் தாங்குவது தஜீன், கூம்பு மூடி போட்ட மண்சட்டியில் மெதுவாக வேகும் குழம்பு. கனத்த மண்சட்டி சூட்டை எளிதில் விடாது. மேலே வந்து மூடியைத் திறக்கும்போதும் ஓரத்தில் குமிழ் அடங்கியிருக்காது. கோழி, உப்பில் ஊறிய எலுமிச்சை, ஆலிவ் போட்டதைக் கேளுங்கள். இஞ்சி, குங்குமப்பூ சேர்ந்த மஞ்சள் குழம்பு நன்றாக வற்றி, வெங்காயம் உருத்தெரியாமல் கரைந்து கறியோடு ஒட்டியிருக்க வேண்டும். தண்ணியாகத் தளும்பினால், வேறு பாத்திரத்தில் வேகவைத்துக் கடைசியில் சட்டிக்கு மாற்றியது என்று சந்தேகப்படலாம். எலுமிச்சைத் தோலிலேயே உப்பு தூக்கலாக இருக்கும், ருசி பார்க்காமல் உப்பு போட்டுவிடாதீர்கள்.

பஸ்தில்லாவை மாடியில் தவிர்ப்பது நல்லது. வர்க்கா என்ற மெல்லிய மாவுத் தாள்களுக்குள் புறா அல்லது கோழி, முட்டை, பாதாம். மேலே பொடித்த சர்க்கரையும் பட்டையும். உள்ளிருக்கும் ஆவி தாளை நிமிடக் கணக்கில் நமுக்க வைத்துவிடும். சர்க்கரை வெள்ளையாக உதிர்ந்தால் சரி. ஈரப்பட்டு மங்கியிருந்தால் தட்டு எங்கோ காத்திருந்தது என்று அர்த்தம். பஸ்தில்லா சாப்பிட, கீழே இருக்கும் முற்றத்து மேஜைதான் இடம். ஹமாம் எனப்படும் பொதுக் குளியல் கூடத்தின் உலைச் சாம்பலில் மணிக்கணக்கில் வேகும் தாஞ்சியா என்ற இறைச்சி உணவு ஊருக்கே உரியது. வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ரவை போன்ற மணிகளை ஆவியில் வேகவைக்கும் கூஸ்கூஸ் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு.

புதுப்பித்த லட்சணத்தைச் சுவரில் பாருங்கள். தாதெலாக்த் என்பது சுண்ணாம்புப் பூச்சைக் கல்லால் தேய்த்து, கருப்பு சோப்பால் மெருகேற்றுவது. தடவினால் வழுவழுவென்று, லேசான ஏற்ற இறக்கத்தோடு இருக்கும். நெருடினால் வெறும் சாயம் போட்ட சிமெண்ட்.

சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மேஜை பதிவு செய்யுங்கள். சூக் எனப்படும் கடைவீதிப் பக்க மாடிகளிலிருந்து கூதுபியா பள்ளிவாசலின் 77 மீட்டர் மினார் தென்மேற்கில் தெரியும். அந்திநேரத் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு பல பள்ளிவாசல்களில் ஒன்றாக எழும்போது மேஜையில் பேச்சு எடுபடாது, பேசாமல் கேளுங்கள். குளிர்கால இரவில் ஸ்வெட்டர் கட்டாயம். கோடை மதியம் 40 டிகிரியைத் தாண்டுவதும் உண்டு, மாடி பக்கமே போகாதீர்கள்.

சந்துக்குள் கார் வராது, வரைபடமும் சொதப்பும். உணவகத்துக்கு போன் செய்தால் பல இடங்களில் ஆள் அனுப்புவார்கள். சில இடங்களில் மது கிடையாது, முதலிலேயே கேட்டுவிடுங்கள். டிப்ஸுக்கு 10 சதவீதம் திர்ஹம் சில்லறையாக இருக்கட்டும். கடைசியில் புதினா டீயைக் கையை உயர்த்தி ஊற்றுவார்கள். காற்றடிக்கிற மாடியில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் கொஞ்சம் தள்ளி உட்காரலாம்.