வளர்ந்தவரின் எலும்பில் வயது: எதை நம்பலாம்?

குழந்தையின் எலும்புக்கூடு என்றால் பல் முளைத்த நிலையும் எலும்பு முனைகளின் வளர்ச்சியும் வயதைக் கிட்டத்தட்டச் சரியாகக் காட்டிவிடும். காறையெலும்பின் (கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகும் எலும்பு) உள்முனை இருபதுகளின் பிற்பகுதியில் ஒட்டி முடிந்ததும் அந்த வசதி தீர்ந்துபோகிறது. பிறகு மிஞ்சுவது தேய்மானம்தான். அது ஆளுக்கு ஆள் வேறுபடும்.

முதலில் தேடுவது இடுப்பின் முன்புறம், இரு பூப்பெலும்புகளும் சந்திக்கும் முகம். இளம் வயதில் உழுத வயல்போல மேடும் பள்ளமுமாக இருக்கும். பிறகு சமமாகி, விளிம்பு கட்டி, கடைசியில் குழிவிழுந்து சிதையும். 1920இல் டாட் இதை 10 கட்டங்களாகப் பிரித்தார். ப்ரூக்ஸ், சூச்சி இருவரும் 1990இல் வெளியிட்ட 6 கட்ட முறைதான் இன்று பரவலாகப் புழங்குகிறது. அதில் ஆண்களின் முதல் கட்டம் 15 முதல் 23 வயது. ஆறாம் கட்டமோ 34 முதல் 86! இந்த அகலத்தைப் பார்த்துச் சலித்து, தடயவியல் அறிக்கையில் சராசரியான 61ஐ மட்டும் எழுதுவது பெரும் தவறு. காணாமல்போன 40 வயதுக்காரரின் கோப்பு அந்த ஓர் எண்ணால் ஒதுக்கப்பட்டுவிடும். வீட்டார் காத்துக்கொண்டே இருப்பார்கள்.

பூப்பெலும்பு மண்ணில் எளிதில் உடையும். இடுப்பெலும்பு, முதுகெலும்பின் அடியிலுள்ள திருவெலும்போடு சேரும் காதுவடிவப் பரப்பு அதைவிடத் தாங்கும். முதுமையிலும் மாற்றம் காட்டும். லவ்ஜாய் குழு 1985இல் அதை 8 கட்டங்களாக்கியது. சிக்கல் என்னவென்றால், சொரசொரப்பையும் நுண்துளைகளையும் கண்ணால் எடைபோட வேண்டும். பழகாத கை தடுமாறும். ஐம்பதைக் கடந்தவர் என்று தோன்றினால், பழகிய கண் பக்கத்தில் இருக்கும்பட்சத்தில், நான் இதையே முன்னால் வைப்பேன்.

நான்காம் விலாவின் மார்புப்பக்க முனையும் நல்ல சாட்சி. தட்டையாக இருந்த முனை வயதோடு குழிந்து, ஓரம் மெலிந்து ஒழுங்கற்றுப்போகும். ஆனால் சிதறிக் கிடக்கும் விலாக்களில் நான்காவது எது என்று பிரிப்பதே பெரும்பாடு.

பல் எல்லாவற்றையும்விட நீடித்து நிற்கும். லமாந்தென் முறைக்கு ஒற்றைவேர்ப் பல் ஒன்று போதும்: வேர் எவ்வளவு ஒளி ஊடுருவுகிறது, ஈறு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்தால் சரி. நடுவயதுக்கு நன்றாகப் பொருந்தும். ஆனால் அதன் சூத்திரம் 25.53 என்ற எண்ணிலிருந்தே தொடங்குவதால், 20 வயதுக்காரரின் பல்லுக்கும் 25க்கு மேல்தான் விடை வரும்.

மண்டையோட்டுப் பொருத்துகள், அதாவது மண்டை எலும்புகள் இணையும் கோடுகள், மூடிய அளவை வைத்து வயது சொல்லும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரே வயதில் ஒருவருக்கு மூடியிருக்கும், இன்னொருவருக்குத் திறந்திருக்கும். மண்டையோடு மட்டுமே கிடைத்தாலும், பொருத்தைப் பார்க்கும் முன் தாடையில் பல் மிச்சமிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.