இண்டிகோ ஸ்ட்ரெச்: கொடுக்கிற காசுக்கு என்ன கிடைக்கிறது?

2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்த அதே வாரம், டெல்லி–மும்பை தடத்தில் இண்டிகோ ‘ஸ்ட்ரெச்’ என்ற தன் முதல் பிசினஸ் வகுப்பை இறக்கியது. அறிமுகக் கட்டணம் ரூ.18,018 முதல். மலிவு டிக்கெட்டுக்கே பேர்போன நிறுவனம், கம்பெனி செலவில் பறப்பவர்களைக் குறிவைத்து எடுத்த முடிவு இது.

ஏ321 விமானத்தின் முன்பக்கம் மூன்று வரிசை, பக்கத்துக்கு இரண்டாக மொத்தம் 12 இருக்கைகள். நடு இருக்கைத் தொல்லை இல்லை. அகலம் 21.3 அங்குலம், வரிசை இடைவெளி 38 அங்குலம். ஆறடி ஆளுக்கும் முழங்கால் இடிக்காது. ஆனால் சாய்மானம் 5 அங்குலம்தான், படுக்கையாக விரியாது. இரண்டரை மணி நேரப் பயணத்துக்கு அது போதும், இரவு முழுக்கப் பறப்பதற்குப் போதாது. 60 வாட் டைப்-சி சார்ஜர் லேப்டாப்புக்கே தாங்கும். எதிரே திரை கிடையாது. சாப்பாடு ஓபராய் தயாரிக்கும் சைவப் பெட்டி. அசைவம் எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

கணக்கு எளிது: சாதாரண வரிசை நான்கைக் கழற்றினால் இந்த மூன்று வரிசைக்கு இடம் கிடைக்கும். 24 பேர் இடத்தில் 12 பேர். ஆக, எகானமியைப்போல் இரு மடங்கு கட்டணம் வந்தால்தான் நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகும்.

வரிசை 1-இல் கால் நீட்டலாம், ஆனால் புறப்படும்போதும் இறங்கும்போதும் கைப்பை மேலே போக வேண்டும். லேப்டாப் கையருகே வேண்டுமென்றால் வரிசை 2 எடுங்கள். எகானமிக்கும் இதற்கும் ஆறாயிரத்துக்குள் வித்தியாசம் என்றால் யோசிக்காமல் எடுக்கலாம்.