மைக் ஆன் ஆனதும் வால்யூம் பட்டன் கட்சி மாறிடுது

நாலு பேர் டீமா ஆடுற ஷூட்டிங் கேமை ஒரே ஆண்ட்ராய்டு போனில் ரெண்டு வருஷத்துக்கு மேல ஆடிட்டு வர்றேன். பேட்டரி, சூடு, எஃப்பிஎஸ் (செகண்டுக்கு எத்தனை ஃப்ரேம் ஓடுதுங்கிறது) பத்தி ஆளாளுக்கு எழுதியாச்சு. நான் சொல்ல வந்தது வால்யூம் பட்டனைப் பத்தி.

மேட்ச்சுக்கு முன்னாடி காத்திருக்கிற லாபியில் பட்டனை அழுத்தினா திரையில் இசைக் குறி வருது. டீம் பசங்களோட பேச மைக்கைத் தட்டினதும் அதே இடத்தில் போன் ரிசீவர் படம். மீடியா, கால், ரிங்டோன், அலாரம்னு ஆண்ட்ராய்டு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ஒலி அளவு வச்சிருக்கு. 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9இலிருந்து பட்டனை அழுத்தினா சாதாரணமா மீடியாதான் ஏறி இறங்கும். ஆனா கேம் மைக்கைத் திறந்ததும், கால் பேசிட்டிருக்கிற மாதிரியே போன் நடந்துக்குது. பட்டனும் கால் பக்கம் போயிடுது. நான் அழுத்த அழுத்த பசங்க குரல்தான் குறையுது, துப்பாக்கிச் சத்தம் அப்படியே நிக்குது. அந்தக் குரலும் முழுசா அடங்காது. கால் ஒலியைப் பூஜ்யத்துக்கு இறக்க ஆண்ட்ராய்டு விடாது, ஒரு கோடு மிச்சம் இருக்கும்.

சென்னை கொருக்குப்பேட்டையில் எங்களுது ஒரே ரூம் வீடு. ராத்திரி அந்த ஒரு கோடே போதும், "இன்னாடா, இன்னும் கத்திக்கினே கீறானுங்க"ன்னு பாயிலிருந்து அம்மா குரல் வந்துடும். பக்கத்து லைனில் கூட்ஸ் வண்டி போச்சுன்னா நிலைமை தலைகீழ். அப்போ ஃபுல்லா ஏத்தினாலும் எவன் என்ன சொல்றான்னு புரியாது.

சரி, ப்ளூடூத் இயர்பட்ஸ் போட்டா? அது இன்னும் மோசம். பாட்டு கேட்கும்போது அது ஏ2டிபிங்கிற ப்ளூடூத் வழியில் ஸ்டீரியோவா, அதாவது இடது வலது தனித்தனியா வருது. அந்த வழியில் மைக் கிடையாது. மைக் வேணும்னா கால் பேசுறதுக்கான ஹெச்எஃப்பி வழிக்கு மாறணும். மாறினா மோனோ, ரெண்டு காதுக்கும் ஒரே சத்தம். அதுவும் பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்தான் (சத்தத்தை செகண்டுக்கு எத்தனை ஆயிரம் தடவை அளக்குதுங்கிற கணக்கு; சிடியில் 44.1). எதிராளி காலடிச் சத்தம் இடமா வலமான்னே தெரியாம திரும்பிப் பார்க்கிறதுக்குள்ள நாக் ஆகிடுறோம். விலை கூடின இயர்பட்ஸிலும் இதே கதைதான். ஆண்ட்ராய்டு 13இலிருந்து எல்இ ஆடியோங்கிற புது ப்ளூடூத் முறை இருக்கு, அதில் மைக்கும் ஸ்டீரியோவும் சேர்ந்தே ஓடும். ஆனா போன், இயர்பட்ஸ் ரெண்டுமே அதுக்கு ஒத்துவரணும். என்னுது ஒத்துவரலை.

கடைசியில் பர்மா பஜாரில் வாங்கின ஒயர் இயர்போனுக்கே வந்துட்டேன். பட்டன் அப்பவும் காலுக்குத்தான் வேலை செய்யுது, ஆனா ஸ்டீரியோ போகலை, அது போதும். மேட்ச் தொடங்குறதுக்கு முன்னாடியே கேம் செட்டிங்ஸில் வாய்ஸ் சேனலைப் பாதிக்கு இறக்கி, எஃபெக்ட்ஸை ஏத்தி வச்சிடுறேன். நடுவில் மாத்தணும்னா பட்டனை ஒரு தடவை அழுத்தி, வர்ற பட்டைக்குக் கீழே இருக்கிற குறியைத் தட்டினா எல்லா ஸ்லைடரும் விரியும், மீடியாவை அங்கேயே இழுத்துக்கலாம். சண்டை நடக்கும்போது மட்டும் இதைச் செய்யாதீங்க, ஸ்லைடர் பாதித் திரையை மறைச்சிடும்.

கேமை விட்டு வெளியே வந்தும் ரிசீவர் படம் போகலைன்னா, ரீசன்ட்ஸில் (திறந்து வச்ச ஆப்களைக் காட்டுற திரை) கேமை மேலே தள்ளி மூடுங்க. பட்டன் திரும்ப மீடியாவுக்கு வந்துடும்.