ஸ்டாம்ப்பா, ஸ்டொம்ப்பா?

காலை ஓங்கித் தரையில் அடிப்பதை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் ஸ்டாம்ப் (stamp), ஸ்டொம்ப் (stomp) என்ற இந்த இரண்டு சொற்களும் குழப்பும். பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதான், புழங்கும் இடம் வேறு.

பிறப்பு:
ஸ்டாம்ப்: பழைய ஜெர்மானிய வேர். முதற்பொருள் இடிப்பது, உரலில் போட்டு நசுக்குவது. கால் உதைப்பது பிறகு வந்தது. அச்சு பதிப்பது அதற்கும் பிறகு. 1840-இல் பிரிட்டன் வெளியிட்ட முதல் அஞ்சல்தலைக்கும் இந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. தபால்தலையும் உலக்கையும் ஒரே சொல்லில் சந்திப்பது எவ்வளவு அழகு!
ஸ்டொம்ப்: 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஸ்டாம்ப்பின் உயிரொலி திரிந்து பிறந்தது.

அசைவு:
ஸ்டாம்ப்: பெரும்பாலும் நின்ற இடத்திலேயே ஒரு உதை. அடம்பிடிக்கும் குழந்தை, குளிரில் காலைத் தரையில் தட்டுபவர்.
ஸ்டொம்ப்: பெரும்பாலும் நடை. கோபத்தில் தடதடவென்று அறையை விட்டு வெளியேறுவது.

தொடர்கள்:
ஸ்டாம்ப் அவுட் என்றால் ஒழித்துக்கட்டுவது. இங்கே ஸ்டொம்ப் பொருந்தாது, அதிகம் தவறுவது இங்கேதான். வழக்கமாகச் சுற்றும் இடத்தைப் பிரிட்டனில் ஸ்டாம்ப்பிங் கிரவுண்ட் என்பார்கள், அமெரிக்காவில் ஸ்டொம்ப்பிங் கிரவுண்ட்.

இசை:
ஸ்டொம்ப்புக்கு மட்டும். கால் தட்டவைக்கும் தாளமுள்ள ஜாஸ் துண்டுக்கு அந்தப் பெயர். அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் ஜெல்லி ரோல் மார்ட்டன் 1923-இல் பதிவுசெய்த 'கிங் போர்ட்டர் ஸ்டொம்ப்' அதில் ஒன்று.

தேர்வு அல்லது அரசுத் தரப்பு எழுத்தானால் ஸ்டாம்ப். கதையில் கோபக்காரர் மாடிப்படி ஏறினால் ஸ்டொம்ப்; பூட்ஸ் சத்தம் அந்தச் சொல்லிலேயே கேட்கிறது. தமிழாக்கும்போது முதலாவதற்குக் 'காலைத் தரையில் உதைத்தான்', இரண்டாவதற்குத் 'தடதடவென்று நடந்தான்'.